மூன்று புகார், ஒரே வியாதி!

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? ராத்திரி இருமல், காலையில் பசியில்லை, சாயங்காலம் நெற்றி கதகதவென்று இருந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டரிடம் சொல்கிறோம். இருமலுக்கு ஒருவர், பசிக்கு ஒருவர் என்று அலைவதில்லை. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்பது பெற்றவளுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் ஒரு யந்திரம் படுத்துக்கொண்டால் மட்டும், இந்த நல்ல புத்தியைப் பரணில் ஏற்றி வைத்துவிடுகிறோம். கார் என்றால் கேட்கவே வேண்டாம். "அது ஆம்பளைங்க சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது.

அப்படி ஒதுங்க வேண்டியதில்லை சகோதரிகளே! எங்கள் பழைய காரில் வந்த ஒரு சின்னக் கோளாறு எனக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில். இங்கே பஸ்ஸை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. 1998-ல் செய்த பழைய கார் ஒன்று என் கையில் ஓடுகிறது. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, பல் டாக்டர், எல்லாவற்றுக்கும் அதுதான். வருஷத்தில் நாலைந்து தடவை பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போவோம். சுமார் 200 மைல். நம் கணக்கில் 320 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம் ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக மிதித்துக்கொண்டே இருந்தால் வலது கால் மரத்துப் போகும், இடுப்பு கழன்றுவிடும். அதற்காக ஏற்பட்ட வசதிதான் க்ரூஸ் கன்ட்ரோல்.

அது என்ன என்று கேட்கிறீர்களா? நீங்கள் வேண்டிய வேகத்துக்கு வந்ததும் ஸ்டியரிங்கில் இருக்கும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். பிறகு காலை எடுத்துவிடலாம். மேடு வந்தால் கூட்டி, இறக்கம் வந்தால் குறைத்து, அதே வேகத்தில் வண்டியை அது ஓட்டிக்கொண்டு போகும். பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், உடனே கையை விட்டுவிடும். பழைய வண்டிகளில் அதற்கு இவ்வளவுதான் தெரியும். முன்னால் போகிற லாரி நின்றால் தானாக நிற்கத் தெரியாது. ராடார் வைத்து இடைவெளி பார்க்கிற வகை எல்லாம் பின்னால் வந்தது.

சரி, புகார்களுக்கு வருகிறேன்.

முதல் புகார் க்ரூஸ் கன்ட்ரோலிலேயே வந்தது. நெடுஞ்சாலையில் நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். பாலத்தின் மேல் ஏறும்போது 'டக்'கென்று ஒரு அதிர்ச்சி வந்தால் போதும், கழன்றுவிடும். மறுபடி பொத்தானை அமுக்கினால் பிடிக்கும். பத்து மைல் போனதும் மறுபடி விட்டுவிடும். நாளாக நாளாக, அமுக்கினாலும் பிடிக்காமல் அடம் பிடிக்க ஆரம்பித்தது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "கன்ட்ரோல் பெட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும், கூலியோடு 640 டாலர்" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். 640 டாலரா! இவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"விடும்மா, பழைய வண்டி. க்ரூஸ் இல்லாட்டி என்ன, கால் இருக்கில்ல? மிதிச்சுக்கலாம்."

எனக்கும் 640 டாலர் கொடுக்க மனசில்லை. ஆனால் நன்றாக இருந்த ஒன்று ஏன் கெட்டது என்று தெரியாமல் விடவும் மனசில்லை.

இரண்டாவது புகார், பாட்டரி. ஒரு வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் பையோடு ஏறி உட்கார்ந்தாயிற்று. சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சே விடவில்லை. குளிருக்கு அப்படித்தான் என்று இவர் தன் வண்டியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்பினார். அதே வாரத்தில் இன்னொரு தடவை! கடையில் கொண்டுபோய் பாட்டரியைச் சோதித்தால், "ஒரு குறையும் இல்லை, நன்றாக இருக்கிறது" என்கிறார்கள்.

மூன்றாவதைப் புகார் என்றே யாரும் சொல்லமாட்டார்கள். சனிக்கிழமை கார் மிதியடியை உதறிப் பெருக்கினேன். ஓட்டுகிறவர் காலடியில், நீலப் பச்சை நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ பிளாஸ்டிக். காய்ந்த வடகத்தை நுணுக்கினால் உதிருமே, அப்படி. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானில் அந்த நிறத்தில் எதுவும் கிடையாது. மிக்ஸிக்கு அடியில் ஒரு ஆணி கிடந்தால் நாம் தூக்கிப் போடுவோமா? எங்கிருந்து விழுந்தது என்று தெரிகிறவரை ஒரு டப்பியில் போட்டு வைப்போம். அந்தத் தூளையும் ஒரு சின்ன உறையில் போட்டு, கார் பெட்டியிலேயே வைத்தேன்.

அன்று ராத்திரி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியேதான் கார் நிற்கும். தண்ணீர் குடிக்க வந்த சின்னவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம கார் இன்னும் தூங்கலையே! சிவப்புக் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டிருக்கு" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். கார் பூட்டியிருக்கிறது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் பின்னால் பிரேக் விளக்குகள் மூன்றும் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கின்றன!

பாட்டரி ஏன் தீர்ந்தது என்பது அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மூன்று பல்புமாகச் சேர்ந்து ஏறக்குறைய 70 வாட். இரவு முழுவதும் எரிந்தால் எந்த பாட்டரிதான் தாங்கும்? ஆனால் என் வயிறு கலங்கியது அதற்காக இல்லை. பிரேக்கை மிதித்தால்தான் பின்னால் சிவப்பு எரிய வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு அது ஒன்றுதான் சேதி: 'நான் நிற்கப் போகிறேன், நீயும் மெதுவாக வா.' எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால், நான் நிஜமாகவே மிதிக்கும்போது அவனுக்கு எப்படித் தெரியும்? 65 மைல் வேகத்தில், பின் சீட்டில் இரண்டு குழந்தைகளையும் மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டு போகிற வண்டி அது. பின்னாலிருந்து வந்து இடித்தால் முதலில் அடிபடுவது அந்த சீட்டுதானே!

மறுநாள் உறையும் கையுமாகக் கார் சாமான் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு வயதானவர். தூளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"க்ரூஸ் பிடிக்கவில்லை, பிரேக் விளக்கு அணையவில்லை. சரிதானே?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லாமலே!

பிரேக் பெடலின் மேல்பக்கம், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், காசு அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குமிழ் சொருகியிருக்குமாம். இருபது இருபத்தைந்து வருஷ வெயிலிலும் குளிரிலும் அது மக்கி உதிர்ந்துவிடுமாம். வண்டியின் வருஷத்தைக் கேட்டு ஒரு புதுக் குமிழை எடுத்துக் கொடுத்தார். 5 டாலர் கூட இல்லை.

இவர் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பெடலுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தார். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை! முதுகை வளைத்துப் படுத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருந்ததே தவிர, சாமர்த்தியம் ஒன்றும் தேவைப்படவில்லை. அரை மணியில் புதுக் குமிழ் உட்கார்ந்தது. விளக்கு அணைந்தது. அதற்கப்புறம் பாட்டரி தீரவில்லை. க்ரூஸ் கன்ட்ரோலும் ஒரு பேச்சு பேசாமல் பிடித்துக்கொண்டது. 640 டாலர் பெட்டிக்கு ஒரு குறையுமே இல்லை!

இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, உங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். கதவு ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கதவு மூடியிருக்கும்போது அதை அமுக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே விளக்கு அணைந்திருக்கும். கதவைத் திறந்தால் பொத்தான் வெளியே வரும், விளக்கு எரியும். பிரேக் பெடலும் இந்தக் கதவைப் போலத்தான். காலை எடுத்திருக்கும்போது அந்தக் குமிழ் ஒரு ஸ்விட்ச்சை அமுக்கிக்கொண்டிருக்கும். மிதித்தால் குமிழ் விலகும். பின்னால் சிவப்பு எரியும். அதே ஸ்விட்ச்தான் க்ரூஸ் கன்ட்ரோலுக்கும், 'அம்மா பிரேக் போடுகிறாள், நீ விட்டுவிடு' என்று சேதி சொல்கிறது. குமிழே இல்லாவிட்டால்? யாரோ எப்போதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்கிறது. குமிழ் பாதி உடைந்து ஆடிக்கொண்டிருந்த நாளில்தான், பாலத்து அதிர்ச்சிக்கெல்லாம் கழன்றிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால், க்ரூஸ் கன்ட்ரோல் கெட்டுப்போகவே இல்லை. பிரேக் விஷயத்தில் சந்தேகம் வந்தால் வேலை செய்யாதே என்றுதான் அதைச் செய்தவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சொன்னபடியே நடந்துகொண்டது. நாம் அடம் என்று நினைத்தது உண்மையில் ஒரு எச்சரிக்கை. 'கால் இருக்கில்ல, மிதிச்சுக்கலாம்' என்று விட்டிருந்தால், சௌகரியம் மட்டுமா போயிருக்கும்?

இந்த யந்திரத்தை முதலில் நினைத்துப் பார்த்தவர் யார் தெரியுமா? கண் தெரியாத ஒருவர்! ரால்ஃப் டீட்டர் என்று பெயர். எங்கள் ஊர் வழியாகப் போகிற 70-ம் எண் நெடுஞ்சாலையிலேயே மேற்கே போனால் இந்தியானா மாநிலம் வரும். அங்கே ஹேகர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1890-ல் பிறந்தவர். 5 வயதில் ஒரு விபத்தில் பார்வையை இழந்தார். ஆனாலும் 1912-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எஞ்சினீயரிங் பட்டம் வாங்கினார். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, பேசினால் வேகம் குறையுமாம். பேச்சைக் கேட்டால் கூடுமாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீட்டருக்கு அந்தக் குலுக்கல் தாங்கவில்லை. வேகத்தைச் சீராக வைக்க வழி உண்டா என்று வருஷக்கணக்கில் உழைத்து, 1950-ல் காப்புரிமை பெற்றார். 1958-ல் கிரைஸ்லர் கம்பெனி அதைத் தன் கார்களில் வைத்தது. 1982-ல் அவர் காலமானார். ஓட்டுகிறவருக்குத் தெரியாத குலுக்கல், பார்வையில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்!

நம் ஊரில் வருகிற புதுக் கார்கள் பலவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. வெளிநாட்டில் பழைய வண்டி வைத்திருக்கிற பெண்ணோ மருமகளோ உங்களுக்கு இருக்கலாம். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று, க்ரூஸ் கன்ட்ரோல் மக்கர் செய்தால் வீட்டிலேயே பார்க்கக் கூடியவற்றைச் சொல்கிறேன். இதற்கெல்லாம் ஸ்பானர் வேண்டாம். வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் பார்த்தால் போதும்.

முதலில் பிரேக் விளக்குகள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். சில வண்டிகளில் சாவியைத் திருப்பினால்தான் எரியும். மிதித்தால் எல்லாம் எரிய வேண்டும். விட்டால் எல்லாம் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் ஆபத்துதான். பழைய வண்டிகள் பலவற்றில், பிரேக் விளக்கின் பல்போ ஃப்யூஸோ போனாலும் க்ரூஸ் பிடிக்காது. துணைக்கு ஆள் இல்லையென்றால் சாயங்கால இருட்டில் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி மிதியுங்கள். சுவரில் சிவப்பு விழுவது கண்ணாடியில் தெரியும்.

இரண்டாவது, க்ரூஸின் முதல் பொத்தானைப் போட்டதும் முன்பலகையில் அதற்கான விளக்கு வருகிறதா? வரவில்லை என்றால் ஃப்யூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பல்பு செலவோடு முடிந்துவிடும் காரியம்.

மூன்றாவது, வேகம் காட்டும் முள் ஒழுங்காக நகர்கிறதா? அது செத்திருந்தால் க்ரூஸுக்கும் வேகம் தெரியாது, பிடிக்காது. இன்னொன்று, மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டருக்குக் கீழே பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது பிடிக்கவே பிடிக்காது. அது கோளாறு அல்ல.

நான்காவது, ஹார்ன் அடிக்கிறதா? ஹார்னும் க்ரூஸ் பொத்தானும் ஒரே சமயத்தில் மௌனமானால், ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் நாடா அறுந்திருக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த இடத்தில்தான் காற்றுப்பை இருக்கிறது. நீங்களும் தொடாதீர்கள், வீட்டுக்காரரையும் தொடவிடாதீர்கள். தெரிந்த மெக்கானிக் மட்டுமே திறக்க வேண்டும்.

ஐந்தாவது, பழைய வண்டிகள் சிலவற்றில் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய் ஒன்றுதான் க்ரூஸுக்கு வேகத்தைக் கூட்டுகிற பலத்தைக் கொடுக்கிறது. காஸ் அடுப்பு ட்யூப் வருஷமானால் விறைத்து வெடிப்பு விடுமே, அதே மாதிரி இதுவும் வெடிக்கும். மேட்டில் ஏறும்போது வேகம் தளர்ந்துகொண்டே போனால் இந்தக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். 'க்ரூஸ் வேலை செய்யலை' என்று ஒற்றை வரியில் சொன்னால், மெக்கானிக் பெரிய பெட்டியிலிருந்து ஆரம்பிப்பார். 'க்ரூஸ் கழல்கிறது, பிரேக் விளக்கு அணையவில்லை, பாட்டரி தீருகிறது' என்று சேர்த்துச் சொன்னால், நேரே பெடலுக்குக் குனிவார்.

ஸ்விட்ச்சைச் சுற்றி வயரை வேறு வழியாகக் கொடுத்து, க்ரூஸை எப்படியாவது பிடிக்க வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பிரேக்கை மிதித்தும் விடாத க்ரூஸ், கடிவாளம் இல்லாத குதிரை. ஓடிக்கொண்டிருக்கும்போது அது என்றைக்காவது விடாமல் பிடித்துக்கொண்டால் பதறவேண்டாம். பிரேக்கை அழுத்தமாக மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, க்ரூஸ் பொத்தானை அணைத்து, ஓரமாக நிறுத்துங்கள். ஓடுகிற வண்டியில் சாவியைப் பிடுங்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். மழையிலும் பனியிலும் க்ரூஸை உபயோகிக்கவே வேண்டாம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். க்ரூஸைக் கழற்றிவிடுகிற ஒரு ஸ்விட்ச்சில் பிரேக் எண்ணெய் கசிந்து, நிறுத்தி வைத்த வண்டிகூடத் தீப்பிடித்தது என்று, ஃபோர்டு கம்பெனி 1999 முதல் 2009 வரை பல தடவையாகச் சுமார் 1 கோடியே 40 லட்சம் வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. இப்படி அழைக்கப்பட்டு, சரிசெய்யாமலே கைமாறுகிற வண்டிகளும் உண்டு. அமெரிக்காவில் இருப்பவர்கள் வண்டியின் 17 எழுத்து எண்ணைக் கொடுத்தால், அந்நாட்டு அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். முன்கண்ணாடிக்குக் கீழே ஓட்டுகிறவர் பக்கம் அந்த எண் இருக்கும்.

உடம்பானாலும் வண்டியானாலும், பெரிய வியாதி வருமுன் சின்னதாக ஏதாவது சொல்லாமல் இருக்காது. கேட்கிற காதும், பார்க்கிற கண்ணும் வீட்டுப் பெண்களுக்கு நிறையவே உண்டு. இன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்து வண்டியை நிறுத்தும்போது, காபியை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் வெளியே போங்கள். காருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, "ஒரு தடவை பிரேக்கை மிதிச்சு விடுங்களேன்" என்று சொல்லுங்கள். சிவப்பு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். செலவு, ஒரு நிமிஷம்தான்.